அலாஸ்காவுக்கு இரண்டு கப்பல்கள்

கனடாவின் வான்கூவர் தீவில் தொடங்கி அலாஸ்காவின் ஸ்காக்வே வரை, வட பசிபிக் கரையை ஒட்டி ஆயிரக்கணக்கான தீவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெருங்கடலின் அலைகளை அவை வெளியிலேயே தடுத்துவிடுகின்றன. அதனால் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே அடங்கிய நீர்வழி ஒன்று கிடைக்கிறது. அதுதான் இன்சைட் பாசேஜ். குயின் ஷார்லட் சவுண்ட், டிக்சன் என்ட்ரன்ஸ் போன்ற சில இடங்களில் மட்டும் தீவுச்சுவர் திறந்து, சில மணி நேரம் கடல் தன் குணத்தைக் காட்டும். மற்றபடி இருபுறமும் காடு, காட்டுக்கு மேலே பனி, நடுவே அமைதியான தண்ணீர்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ‘இனி நமக்காகக் கொஞ்ச நாள்’ என்று கிளம்பும் தம்பதிகளிடையே இந்த வழிக்குப் பெரிய பெயர் உண்டு. சியாட்டில் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் அலாஸ்கா சொகுசுக் கப்பல் இப்போது பழக்கமான பெயர். ஆனால் இதே வழியில் இன்னொரு கப்பலும் போகிறது: அலாஸ்கா மாநில அரசு நடத்தும் ஃபெர்ரி. ஒன்று ஓய்வுக்கென்றே கட்டப்பட்டது. மற்றது சாலைக்குப் பதிலாக விடப்பட்டது. அவசரமில்லாத பயணம் வேண்டும் என்று கேட்கும் இருவருக்கு இவற்றில் எது அதைத் தருகிறது என்பதே இந்த ஒப்பாய்வின் கேள்வி.

ஒரு வேர், இரு கிளைகள்

இவ்விரண்டும் தொடக்கத்தில் ஒரே கப்பலாக இருந்தவை. 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியது. 1879-ல் இயற்கையியலாளர் ஜான் மியூர் டிளிங்கிட் பழங்குடியினரின் துணையோடு, துடுப்புப் படகில் இந்தக் கரையின் பனியாறுகளைத் தேடிப் போனார். 1880-களில் தபால் கொண்டுபோன நீராவிக் கப்பல்களிலேயே பயணிகளும் வேடிக்கை பார்க்க ஏறினார்கள். 1883-ல் அப்படிப் போன எழுத்தாளர் எலைசா சிட்மோர் எழுதிய நூல் 1885-ல் வெளிவந்து, இந்தக் கரையைப் பற்றிய முதல் பயணக் கையேடுகளில் ஒன்றானது. தபால் மூட்டை, சால்மன் டப்பாக்கள், சுரங்கத் தொழிலாளி, சுற்றுலா வந்த சீமாட்டி என எல்லோருக்கும் அன்று ஒரே கப்பல்தான்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இது இரண்டாகப் பிரிந்தது. அலாஸ்கா ஸ்டீம்ஷிப் கம்பெனி 1954-ல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியது. 1959-ல் மாநிலமான அலாஸ்காவுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது, இன்றும் இல்லை. மலையும் பனிவெளியும் சாலைக்கு இடம் தரவில்லை. எனவே கடலையே நெடுஞ்சாலையாக்கினார்கள். 1963-ல் மாலஸ்பினா, டாக்கு, மாட்டனுஸ்கா என்ற மூன்று கப்பல்களோடு ‘அலாஸ்கா மரைன் ஹைவே’ தொடங்கியது. அரசு ஃபெர்ரிகளுக்கு அலாஸ்காவின் பனியாறுகளின் பெயரைத்தான் சூட்டுகிறார்கள்.

மறுபக்கம், கோடையில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஓடிக்கொண்டிருந்த ‘பிரின்சஸ் பட்ரீஷியா’ என்ற கப்பலை 1965 குளிர்காலத்தில் தொழிலதிபர் ஸ்டான் மெக்டொனால்டு வாடகைக்கு எடுத்து, மெக்சிகோவுக்கு உல்லாசப் பயணம் விட்டார். அந்தக் கப்பலின் பெயரே பிரின்சஸ் குரூஸ் நிறுவனத்தின் பெயரானது. அலாஸ்கா வழித்தடத்தில் உழைத்த கப்பல், உல்லாசத் தொழிலுக்குப் பெயர் கொடுத்த கதை இது. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் அலாஸ்காவுக்கே திரும்பி வந்தது.

எந்த வழி?

ஒரே கரை என்றாலும் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே வழியில் போவதில்லை. சியாட்டிலிலிருந்து புறப்படும் பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாக, திறந்த பசிபிக்கில் வடக்கே விரைகின்றன. இன்சைட் பாசேஜ் என்று விளம்பரம் பார்த்து ஏறியவர், முதல் நாள் முழுக்கச் சுற்றிலும் வெறும் கடலைப் பார்த்துத் திகைப்பதற்கு இதுவே காரணம். திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ சில மணி நேரம் நிற்கும். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளாகவே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது, நடுவே அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. 2021-ல் கொரோனாவால் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, இந்தச் சட்டத்திலிருந்து தற்காலிக விலக்குத் தர அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தீவின் உட்புறமாகவே வடக்கே போகின்றன.

ஃபெர்ரி அமெரிக்கக் கொடியுடையது. சியாட்டிலுக்கு வடக்கே சுமார் 145 கிலோமீட்டரில் உள்ள பெல்லிங்ஹாமிலிருந்து கிளம்பி, உள்வழியாக, எங்கும் நிற்காமல் அலாஸ்காவின் கெட்சிக்கன் சேர ஒன்றரை நாளுக்குச் சற்று மேல் ஆகும். வழியில் செய்மூர் நெரோஸ் என்ற இடுக்கு வருகிறது. அங்கே ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் ஆற்று வெள்ளம் போலப் பாயும். நடுவே ஒளிந்திருந்த ரிப்பிள் ராக் என்ற பாறை பல கப்பல்களைப் பலி வாங்கியது. 1958 ஏப்ரல் 5 அன்று அதைக் கடலுக்கடியிலிருந்தே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அணுகுண்டு அல்லாத, திட்டமிட்ட வெடிப்புகளில் அதுவரை நடந்த மிகப் பெரியவற்றுள் ஒன்று அது.

அலாஸ்காவுக்குள் நுழைந்த பிறகு இரண்டு கப்பல்களையும் பிரித்துக் காட்டும் இடம் ராங்கல் நெரோஸ். சுமார் 35 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 100 மீட்டர் அளவே அகலம். இரவில் சிவப்பும் பச்சையுமாக அறுபதுக்கும் மேற்பட்ட வழிகாட்டி விளக்குகள் மினுக்கும். ஃபெர்ரி அதற்குள் நெளிந்து வளைந்து போகிறது. கரையிலுள்ள வீட்டில் யார் அடுப்படியில் நிற்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம். பெரிய சொகுசுக் கப்பல் அதற்குள் நுழையவே முடியாது. வெளியே சுற்றிக்கொண்டு போகிறது.

கடிகாரம் யார் கையில்?

ஏழு நாள் சொகுசுப் பயணத்தின் உயிர்நாடி அட்டவணை. காலை இத்தனை மணிக்கு ஜூனோ, இரவு இத்தனை மணிக்குள் கப்பலில் திரும்பியிருக்க வேண்டும், மறுநாள் ஸ்காக்வே. தவறினால் கப்பல் காத்திருக்காது. கரையில் கிடைப்பது பெரும்பாலும் ஏழெட்டு மணி நேரம். அதற்குள் திமிங்கலம் பார்ப்பதா, ரயிலில் ஏறுவதா, பனியாற்றுக்குப் போவதா என்று முன்கூட்டியே தேர்ந்து, பணம் கட்டி, வரிசையில் நிற்க வேண்டும். கப்பலுக்குள்ளும் நாடகம், இசை, ஏலம், சூதாட்டக் கூடம் என்று நாள் முழுக்க நிகழ்ச்சிநிரல் இருக்கும். எதற்கும் போகாமல் இருக்க யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் பணம் கட்டியாயிற்றே என்ற நினைப்பு எளிதில் விடாது.

ஃபெர்ரி அட்டவணைக்கு எஜமானன் ஓதம். சிட்காவுக்குப் போகும் வழியிலுள்ள செர்ஜியஸ் நெரோஸை, நீரோட்டம் அடங்கும் வேளை பார்த்துத்தான் பெரிய ஃபெர்ரிகள் கடக்கும். ஆகவே சிட்காவில் வந்து சேரும் நேரமும் கிளம்பும் நேரமும் பயணத்துக்குப் பயணம் மாறும். ஒரு ஊருக்கு அதிகாலை 2 மணிக்கு வந்து சேர்வது அங்கே சாதாரணம். ஜூனோவில் ஃபெர்ரி நிற்கும் ஆக் பே, ஊரின் மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். நள்ளிரவில் இறங்கி டாக்ஸி தேடுவது நிதானமான அனுபவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் ஃபெர்ரியில் ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது. ராங்கலில் இறங்கி மூன்று நாள் தங்கலாம், அடுத்த ஃபெர்ரி பிடித்து பீட்டர்ஸ்பர்க் போகலாம், பிடித்துப்போனால் அங்கேயே ஒரு வாரம் இருந்துவிடலாம். நம் ஊர் மொஃபசல் பஸ்ஸைப் போல, இறங்குவதும் ஏறுவதும் பயணியின் விருப்பம். பஸ் அடிக்கடி வராது என்பதுதான் வேறுபாடு. காரையும் சைக்கிளையும் கயாக் படகையும்கூட ஏற்றிச் செல்லலாம். ஹெயின்ஸிலோ ஸ்காக்வேயிலோ இறங்கினால் காரிலேயே கனடாவின் யூக்கானுக்குள் போய்விடலாம்.

கண்ணில் படுவது

அலாஸ்கா ஓட்டத்தை மனதில் வைத்தே கட்டப்பட்டு 2018-ல் வந்த ‘நார்வேஜியன் பிளிஸ்’ 333 மீட்டர் நீளம். சுமார் 4,000 பயணிகள் அதில் போகலாம். 1974 முதல் ஓடும் ‘கொலம்பியா’ ஃபெர்ரி சுமார் 127 மீட்டர், ஏறக்குறைய 500 பயணிகள். அரசு ஃபெர்ரிகளில் அதுவே மிகப் பெரியது. இந்த அளவு வேறுபாடு பார்வையையும் மாற்றிவிடுகிறது. பதினைந்தாவது தளத்திலிருந்து பார்ப்பவருக்கு மலைத்தொடர் முழுதாகத் தெரியும், கடல் பரப்பு தொலைவாகிவிடும். ஃபெர்ரியின் மேல்தளம் தண்ணீருக்கு அருகில் இருக்கிறது. கூன்முதுகுத் திமிங்கலம் மூச்சு விடும் ஓசை, அமைதியான நேரத்தில் அங்கே காதில் விழும். ஹவாய்க் கடலில் குளிர்காலத்தைக் கழித்த திமிங்கலங்கள் கோடையில் இங்கே இரை தேடி வருகின்றன. கூட்டாகக் குமிழி வலை எழுப்பி ஹெர்ரிங் மீன்களை வளைத்துப் பிடிக்கும் வித்தை இந்தக் கடலில்தான் பேர்பெற்றது.

ஃபெர்ரியின் மேல்தளத்தில் ‘சோலேரியம்’ என்று ஓர் இடம் உண்டு. பாதி மூடிய கூரை, அதில் சூடு தரும் விளக்குகள், கீழே சாய்வு நாற்காலிகள். கேபின் எடுக்காதவர்கள் அங்கேயே உறங்குப் பையை விரித்துப் படுப்பார்கள். சிலர் தளத்தில் கூடாரம் போட்டு, காற்று தூக்காமலிருக்க அதன் ஓரங்களை டேப் கொண்டு ஒட்டிவைப்பார்கள். இது விதிமீறல் அல்ல, பல்லாண்டு வழக்கம்.

ஆனால் பனியாறு என்று வந்தால் சொகுசுக் கப்பல் தெளிவாக முந்துகிறது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதியில்லை. அந்த அனுமதி பெற்ற கப்பலில் இருப்பவர், ஒரு நாளின் பெரும்பகுதியைப் பனிச்சுவர்களின் முன்னால் கழிக்கிறார். பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் தருவார்கள். 1794-ல் கடலோடி வான்கூவரின் குழுவினர் பார்த்தபோது விரிகுடாவின் வாயருகிலேயே பனி நின்றது. இன்று உள்ளே 100 கிலோமீட்டர் வரை கப்பல் போகிறது. இடைப்பட்ட தூரமெல்லாம் அதற்குப் பிறகு பின்வாங்கிய பனியின் தடம். அந்தப் பனி முன்னேறி வந்த காலத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் ஹூனா டிளிங்கிட் மக்கள். 2016-ல்தான் அங்கே அவர்களுக்கான மரபு இல்லம் திறக்கப்பட்டது. ஃபெர்ரி அருகிலுள்ள கஸ்டேவஸ் ஊர் வரை போகும், பனியாற்றின் முகப்புக்குப் போகாது. அங்கிருந்து வேறு படகு பிடிக்க வேண்டும்.

ஊரும் மனிதர்களும்

ஜூனோவின் மக்கள்தொகை சுமார் 32,000. 2023-ல் அந்த ஊருக்குச் சொகுசுக் கப்பல்களில் வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். சுமார் 1,200 பேர் வாழும் ஸ்காக்வேயில் ஒரே நாளில் 10,000 பேர் இறங்குவதுண்டு. 1898-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்காகப் போடத் தொடங்கிய மலை ரயில் இன்று இவர்களுக்காக ஓடுகிறது. ஊரின் வருமானம் இந்தக் கூட்டத்தால்தான், ஊரின் மூச்சுத்திணறலும் இதே கூட்டத்தால்தான். ஜூனோ 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டுமே என்று நிறுவனங்களோடு உடன்பாடு கண்டது. 2026 முதல் நாளொன்றுக்குப் பயணிகள் 16,000, சனிக்கிழமை 12,000 என்ற வரம்பும் அந்த உடன்பாடுகளில் உண்டு. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் வாக்குக்கு விட்டபோது மக்கள் அதை நிராகரித்தார்கள். வேண்டும் என்றும் சொல்ல முடியாமல், வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் ஊர் தவிக்கிறது.

ஃபெர்ரியில் கூட வருபவர்களே உள்ளூர்க்காரர்கள். கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் பள்ளி அணி, ஜூனோவில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டி, மாதச் சாமானை வண்டி நிறைய வாங்கிப் போகும் குடும்பம். ராங்கலில் கப்பல் நின்றதும் சிறுவர்கள் கார்னெட் கற்களை விற்க வருவார்கள். ஸ்டிக்கீன் ஆற்று முகத்துவாரத்தருகே கிடைக்கும் அந்தக் கற்களின் உரிமை, 1960-களில் ஊர்ப் பிள்ளைகளின் நலனுக்கென்றே எழுதி வைக்கப்பட்டது. பீட்டர்ஸ்பர்க் நார்வேக்காரர்கள் தொடங்கிய மீன்பிடி ஊர். மே 17-ல் நார்வேயின் அரசியலமைப்பு நாளை இன்றும் விழாவாக எடுக்கிறார்கள். ராட்சதக் கப்பல்கள் இங்கே வருவதில்லை என்பதால், கடைத்தெரு இன்னமும் மீனவர்களுக்குத் தேவையானதைத்தான் விற்கிறது.

உடலும் பணமும்

இந்தப் பகுதியில் ஃபெர்ரி பின்தங்குகிறது. சொகுசுக் கப்பலில் மருத்துவர் உண்டு, மின்தூக்கி உண்டு, முன்கூட்டிச் சொன்னால் சைவ உணவும் பெரும்பாலும் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர் பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் ஏழு நாளும் மூட வேண்டாம். ஃபெர்ரியில் இருப்பது எளிய உணவகம். மீனும் சூப்பும் பர்கரும் பிடிக்காதவர் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது. இருவர் கேபின் என்றால் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. இணையத்தை நம்ப முடியாது. கட்டணத்தில் கேபினும் சாப்பாடும் சேராது. ஊர் ஊராக இறங்கினால் விடுதிச் செலவு தனி, கோடையில் அறை கிடைப்பதும் கடினம். மழையோ கேட்கவே வேண்டாம். கெட்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது.

விசா விஷயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு அமெரிக்கா வந்தவர், விக்டோரியாவைத் தொடும் சொகுசுக் கப்பலில் ஏறக் கனடா விசாவும் எடுத்திருக்க வேண்டும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில்தானே இறங்குகிறோம் என்று நினைத்துத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்காவுக்குப் போகும் ஃபெர்ரி கனடாவில் நிற்காததால் அந்தத் தேவை எழுவதில்லை.

இருவருக்கு எது?

சொகுசுக் கப்பல் ஒரு தம்பதிக்குத் தருவது பொறுப்பிலிருந்து விடுதலை. சமையல் இல்லை, படுக்கை மடிக்க வேண்டாம், வழி கேட்க வேண்டாம். நாற்பது வருஷம் வீட்டைச் சுமந்த ஒருவருக்கு, குறிப்பாக மனைவிக்கு, இது சின்ன விஷயமே அல்ல. இதை ஏளனமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் சமைக்காதவர்கள். ஆனால் அங்கே கப்பலே ஊராகிவிடுகிறது. கரை ஒரு காட்சியாகப் பின்னால் நகர்கிறது. அவர் இசைக்கூடத்திலும் இவர் கடையிலுமாகப் பொழுதைக் கழித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மட்டும் சந்திக்கும் தம்பதிகளும் உண்டு.

ஃபெர்ரி எதையும் ஏற்பாடு செய்து தருவதில்லை. முன்பக்கக் கண்ணாடிக் கூடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அடுத்த ஊரில் இறங்குவதா வேண்டாமா என்பதை இருவரும் சேர்ந்துதான் பேசி முடிவெடுக்க வேண்டும். வாக்குவாதம் வரலாம். ஆனால் அந்தப் பயணம் அவர்கள் இருவரும் சேர்ந்து அமைத்ததாக இருக்கும்.

இரண்டுக்குமே நிழல் பக்கம் உண்டு. சொகுசுக் கப்பல்களின் சுமையைச் சின்ன ஊர்கள் தாங்குகின்றன. ஃபெர்ரியோ அரசின் பட்ஜெட்டை நம்பி மூச்சு விடுகிறது. 2019-ல் நிதி வெட்டும் ஊழியர் வேலைநிறுத்தமும் சேர்ந்து வந்தன. அடுத்த குளிர்காலத்தில் சில ஊர்களுக்கு மாதக்கணக்கில் கப்பலே வரவில்லை. முதல் மூன்று கப்பல்களில் ஒன்றான மாலஸ்பினா 2019-க்குப் பிறகு ஓடவேயில்லை. 2022-ல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. மிஞ்சிய கப்பல்கள் பலவும் முதுமையடைந்தவை. பழுது காரணமாக அட்டவணை மாறுவது இன்றும் நடக்கிறது.

என் தீர்ப்பு இது. உடல்நலம் குறித்த கவலை உள்ளவர்களும், ஒரு வாரம் மட்டுமே கையில் உள்ளவர்களும், பனியாற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களும் சொகுசுக் கப்பலில் போகலாம். ஆனால் சியாட்டிலை விட வான்கூவரில் ஏறுவது நல்லது, கிளேசியர் பே பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே முன்பதிவு செய்ய வேண்டும். நடக்கக் கால் தெம்பும், தேதிக்குக் கட்டுப்படாத இரண்டு மூன்று வாரமும் உள்ளவர்களுக்கு ஃபெர்ரிதான். ஓய்வை விற்கும் கப்பல் நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது, சாலைக்கு மாற்றாக வந்த கப்பல் அதைப் பயணிக்கே விட்டுவிடுகிறது. நிதானம் என்பது நேரம் நம் கையில் இருப்பதுதான் என்றால், வட பசிபிக் கரையில் அது ஃபெர்ரியில் கிடைக்கிறது. போவதாக முடிவெடுத்தால், அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துக் கேபினை முதலில் பதிவு செய்யுங்கள். கோடைக்காலக் கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.